கால் விட்ட மூச்சு

மூன்றரைக்குத் தியேட்டருக்குள் கொண்டுவந்தபோதும்
சுல்பிகார் பேசிக்கொண்டுதான் இருந்தான்.
எஞ்சின் விசிறியில் வலை சிக்கியதாம்,
குனிந்தானாம், அலை தள்ளியதாம்.
தொடைக்குக் கீழே நடந்ததை மட்டும் சொல்லவில்லை.
கிண்ணியாக் கரையில் யாரோ இறுக்கிக் கட்டிய சாரம்
அப்படியே இருந்தது,
கடலா இரத்தமா எனப் பிரிக்கமுடியாத ஈரத்தோடு.

உறங்கவைத்தேன். குழாய் இறங்கியது.
திரையில் முதல் மேடு எழுந்தது.
ஏற்றம், சமதரை, சரிவு. மறுபடி ஏற்றம்.
வெளிவிடும் ஒவ்வொரு மூச்சிலும்
எவ்வளவு காபனீரொட்சைட்டு என்று
எழுதிக் காட்டும் மஞ்சள் கோடு.
முப்பத்தாறு. நல்லது.

எட்டாம் வகுப்பில் சுண்ணாம்பு நீருக்குள் ஊதினோம்.
பாலாய்க் கலங்கியதும் ரீச்சர் சொன்னா:
இது கழிவு, உடம்பு வேண்டாமென்று தள்ளுவது.
அதையே எழுதி முழுப் புள்ளி எடுத்தவள் நான்.
இன்றைக்கு அந்தக் கழிவை நம்பித்தான்
ஓர் ஆளை வைத்திருக்கிறேன்.

அது தானாக நெஞ்சுக்கு வராது.
இரத்தம் ஏற்றிக்கொண்டு வரவேண்டும்.
பாலம் கட்டுவதற்கு முன்னர்
கிண்ணியாத் துறையில் பாதை ஓடாத நாளில்
இக்கரைச் சந்தையில் மீன்தட்டு காலியாகக் கிடக்கும்.
அக்கரையில் மீன் இல்லை என்று அர்த்தமில்லை.
ஏற்றிவர ஆளில்லை.

டொக்டர் விதானகே சாரத்தை அவிழ்த்தார்.
முப்பத்தாறு. இருபத்தொன்பது.
மெஷின் அதே வேகத்தில்தான் ஊதியது. நான் எதையும் தொடவில்லை.
இருபத்துநாலு.
விரல்நுனிக் கருவி தொண்ணூற்றெட்டு என்றது.
கையில் சுற்றிய பட்டை காற்றை நிரப்பிக்கொண்டு
இன்னும் யோசித்தது.
அதே மேடுகள்தான், குள்ளமாக.

"சேர், இரத்தம் போகுது."
"இங்கே ஒன்றும் தெரியல்லையே."
"போகுது சேர்."

தொடையின் பின்பக்கம், துணிக்கு அடியில்,
ஆழக் கிளையொன்று சத்தமில்லாமல் கொட்டிக்கொண்டிருந்தது.
மெத்தை குடித்துவிட்டது.
ஜெயரூபி இரண்டு பைகளைத் தூக்கிவந்து
தேங்காய்ப்பூ பிழிவதுபோலப் பிழிந்தாள்.
பதினெட்டு வரை இறங்கிய கோடு
அங்கே கொஞ்சம் நின்றது.
நானும் நின்றேன்.
கிளாம்ப் கடித்தது.
இருபத்திரண்டு. இருபத்தேழு. முப்பத்திமூன்று.
பட்டை அப்போதுதான் யோசித்து முடித்து
ஏற்கெனவே பழசாகிப்போன ஒரு செய்தியைச் சொன்னது.

பிறகு தையல்.
மற்றக் காலிலிருந்து ஒரு நரம்பை எடுத்து,
திருப்பிப் பிடித்து, மயிரிழை நூலால்.
தியேட்டருக்கு யன்னல் இல்லை.
விடிந்ததை, வெளியே யாரோ அவிழ்த்த
புட்டுப் பார்சலின் வாசத்தில் அறிந்தோம்.

ஏழு மணிக்குச் சற்றுப் பிந்தி
"ஹரி, விடப்போறேன்" என்றார்.
நான் மருந்தோடு காத்திருந்தேன்.
அடைபட்ட கால் சும்மா கிடக்காது.
மூன்று மணி நேரம் உள்ளே புளித்ததெல்லாம்
ஒரே தள்ளாகத் திரும்பி வரும்.

கிளாம்ப் திறந்தது.
பிரஷர் சரிந்தது.
கோடு ஏறியது. முப்பத்தேழு. நாற்பத்திரண்டு.
நாற்பத்தெட்டு.
பாதம் அப்போதும் மெழுகு நிறம்தான்.
விதானகே கணுக்காலில் விரல் வைத்துத் தேடிக்கொண்டிருந்தார்.
எனக்குத் தெரிந்துவிட்டது:
வாய்வழி வருவது
கெண்டைச் சதையின் மூச்சு,
குதிகாலின் மூச்சு, அடக்கி வைத்திருந்தது.
ஐம்பத்திரண்டு.
வேறெந்த நாளிலும் பயப்படுகிற எண்.
மெஷினை வேகப்படுத்திவிட்டு
அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வெளியே வாங்கில் அவன் மனைவி.
"கால் இரிக்கா?"
"இரிக்கு. விரல் ரெண்டு இன்னும் சொல்லேலாது."
தலையாட்டினா.
முக்காட்டு நுனியைச் சுருட்டி, விரித்து, மறுபடி சுருட்டி,
"எஞ்சினுக்கு ஒம்பது தவண இரிக்கி" என்றா.

இரவு முழுவதும் நான் எழுதிய தாளில்
அந்த எண்ணுக்குக் கட்டம் இல்லை.